துப்பாக்கியும் கணக்கேடும்

ராஜஸ்தானத்துப் பரத்பூர் நகரை அடுத்து, கேவலாதேவ் என்னும் சிவாலயத்தைச் சூழ்ந்து ஒரு நீர்க்காடு பரந்து கிடக்கிறது. குளிர்காலத்தில் இமயத்துக்கு அப்பாலிருந்தும் ஆயிரமாயிரம் பறவைகள் வந்திறங்கும் இடம் அது. அங்கே கல்லில் பொறித்த பட்டியல் ஒன்று இன்றும் நிற்கிறது. கல்வெட்டு என்றதும் நமக்குத் தானமும், திருப்பணியும், போர் வெற்றியும் நினைவுக்கு வரும். இந்தக் கல் கூறும் செய்தி வேறு. எந்த நாளில், எந்த விருந்தினரின் வருகையை ஒட்டி, எத்தனை துப்பாக்கிகள் கூடி, எத்தனை பறவைகளை வீழ்த்தின என்பதே அது. 1938 நவம்பர் 12-ஆம் நாள், வைசிராய் லின்லித்கோ பிரபு வந்திருந்தபோது விழுந்தவை 4,273.

அந்தக் கல்லின் முன் நிற்பவர் மனத்தில் இரண்டு கேள்விகள் எழும். இத்தனை உயிர்களா என்பது ஒன்று. இதை ஏன் எண்ணினார்கள், எண்ணியதை ஏன் கல்லில் வெட்டினார்கள் என்பது மற்றொன்று. உணவுக்காக என்று சொல்வதற்கில்லை. பயிரைக் காப்பதற்காக என்றும் சொல்வதற்கில்லை. துப்பாக்கியிடம் மனிதன் கொண்ட மோகத்தின் வரலாற்றைத் தொடர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். துப்பாக்கி இருக்கும் இடத்தில் அதன் பக்கத்திலேயே ஒரு கணக்கேடும் இருந்து வந்திருக்கிறது. அந்த ஏட்டில் எதை எண்ணினார்கள் என்பது காலத்துக்குக் காலம் மாறிற்று. அந்த மாற்றத்தின் கதையையே இங்கு நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

துப்பாக்கி என்ற சொல்லே துருக்கிய மொழியிலிருந்து நம்மிடம் வந்தது. 1526-இல் பானிப்பட்டுப் போர்க்களத்தில் பாபர் பீரங்கிகளையும் திரித் துப்பாக்கிகளையும் கொண்டு வென்றது நாம் பள்ளியில் படித்த செய்தி. போர்க்கருவியாக வந்த அது, இரண்டு தலைமுறைக்குள் ஒரு மன்னரின் உள்ளங்கவர் பொருளாகிவிட்டது. அபுல் பசல் எழுதிய ‘அயினி அக்பரி’யைப் படித்தால், அக்பர் சக்கரவர்த்தி துப்பாக்கியை எவ்வளவு நேசித்தார் என்பது விளங்கும். முன்னாளில் மருந்தை நிறையக் கெட்டித்தால் குழல் வெடித்துவிடும். இரும்பைத் தட்டித் தகடாக்கி, சாய்வாகச் சுருள் சுருளாகச் சுற்றிக் காய்ச்சி இணைக்கும் முறையால் அக்குறை நீங்கிற்று. ஒரே பசு சுற்றிவரும் சக்கரத்தால் பதினாறு குழல்களை ஒருசேரத் துப்புரவு செய்யும் பொறியும் அமைந்தது. பல்லாயிரம் துப்பாக்கிகளிலிருந்து 105 மட்டும் பாதுஷாவின் சொந்த உபயோகத்துக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவற்றுள் பன்னிரண்டு, மாதத்துக்கு ஒன்றாக முறைவைத்து வரும்.

அவற்றுள் தலையாயதற்குச் ‘சங்கிராம்’ என்று பெயர். ஒரு கருவிக்குப் பெயர் சூட்டினால் அது வெறும் கருவி அன்று, தோழன் என்று பொருள். 1568-இல் சித்தூர்க் கோட்டை முற்றுகையின்போது ராஜபுத்திர வீரர் ஜெய்மாலை வீழ்த்தியது இந்தச் சங்கிராமே என்று அக்பரின் வரலாறு கூறுகிறது. எந்தத் துப்பாக்கியால் எத்தனை விலங்குகள் வீழ்ந்தன என்று எழுதிவைக்கச் சக்கரவர்த்தி எழுத்தர்களுக்குக் கட்டளையிட்டிருந்தார். சங்கிராமின் கணக்கில் 1,019 விலங்குகள் பதிவாயின. நமது கணக்கேட்டின் முதற்பக்கம் இது எனக் கொள்ளலாம்.

அவர் மகன் ஜஹாங்கீர் இந்தக் கணக்கை இன்னும் விரிவாக வைத்தார். பன்னிரண்டாம் வயது முதல் ஐம்பதாம் வயது வரையில் தம் முன்னிலையில் வீழ்ந்த வேட்டை உயிர்கள் 28,532 என்றும், அவற்றுள் தம் கையாலேயே வீழ்ந்தவை 17,167 என்றும் தம் நினைவுக் குறிப்பில் எழுதினார். அவருடைய பேரரசி நூர்ஜஹானும் குறி தவறாதவர். 1617-இல் நான்கு புலிகளை எதிர்கொண்டு, இரண்டை ஒவ்வொரு குண்டாலும், மற்ற இரண்டை நான்கு குண்டுகளாலும் வீழ்த்தினார். யானைமேல் அம்பாரிக்குள் இருந்து இவ்வாறு சுடுவதைத் தாம் கண்டதே இல்லை என்று பாதுஷா வியந்தார்.

ஆயினும் அதே ஜஹாங்கீர், ஐம்பது வயதானதும் வில்லையும் துப்பாக்கியையும் தொடுவதில்லை என்று இளமையிலேயே ஒரு விரதம் பூண்டிருந்தார். அன்புப் பேரன் ஷூஜா கடும் நோயுற்றபோது அந்த விரதம் அவர் நினைவுக்கு வந்தது. இனி எவ்வுயிரையும் தம் கையால் துன்புறுத்துவதில்லை என்று உறுதி கொண்டார், குழந்தை பிழைத்தது. 1619-இல் மதுராவுக்கு அருகே மக்களை வருத்திய புலியொன்றைக் கொல்ல வேண்டி வந்தபோது, தாம் சுடாமல் நூர்ஜஹானைச் சுடச் சொன்னார். இந்த விரதம் சில ஆண்டுகள் நிலைத்தது. பின்னர், ஷூஜாவின் தந்தையான இளவரசர் குர்ரமிடம் கொண்ட மனக்கசப்பினால் பாதுஷா மறுபடியும் துப்பாக்கியை ஏந்தினார். அன்பு கீழே வைக்கச் செய்ததைச் சினம் எடுக்கச் செய்தது. துப்பாக்கி மோகத்தின் இயல்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி நாம் அறிந்தவரையில் வேறில்லை.

அந்த மோகம் எங்கிருந்து பிறக்கிறது? கையால் எட்டவொண்ணாத தொலைவை ஒரு விரலசைவு எட்டிவிடுகிறது. கண்ணும் கையும் மூச்சும் ஒருகணம் ஒன்றுபட்டால் நினைத்த இடத்தில் குண்டு பாய்கிறது, ஒன்றுபடாவிட்டால் தவறுகிறது. வெற்றியா தோல்வியா என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. தன்னைத்தானே சோதித்து உடனே விடை பெறும் இன்பம் இது. இதனோடு அதிகார இன்பமும் கலந்துவிடுகிறது. இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாமையே பல தவறுகளுக்குக் காரணம்.

அதிகார இன்பம் சட்டமாகவே உருவெடுத்த காலம் ஒன்றும் உண்டு. 1878-இல் லிட்டன் பிரபுவின் ஆட்சியில் ஆயுதச் சட்டம் பிறந்தது. இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் பெறவேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. ஒரே காட்டில் ஒருவர் தோளில் அது பெருமை, மற்றவர் தோளில் அது குற்றம் என்றாயிற்று. 1887-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையில் விபின் சந்திர பாலர் இச்சட்டத்தை நீக்கவேண்டுமென்று ஆவேசமாக வாதாடினார். துப்பாக்கிமேல் கொண்ட ஆசையினால் எழுந்த வாதம் அன்று அது. சமத்துவத்தின்மேல் கொண்ட ஆசையினால் எழுந்தது. மறுக்கப்பட்ட பொருளுக்கு மதிப்பு மிகும் என்பதும் உண்மையே. 1931-இல் கராச்சித் தீர்மானம் விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் குடிமக்களின் உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது.

அலுவல் முறையில் ஆங்கில வாசகங்களைத் தமிழாக்கும் நமக்கு, அக்கால வெள்ளையர் எழுதிய நூல்களில் ஒரு சொல் இடறுவதுண்டு. ‘ஸ்போர்ட்’ என்று அவர்கள் எழுதினால் வேட்டை என்பதா, விளையாட்டு என்பதா? அவர்களுக்கு இரண்டும் ஒன்றே. தமிழில் இரண்டும் வெவ்வேறு சொற்கள். அந்தத் தடுமாற்றத்துக்குள்ளேயே இந்த வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது எனலாம்.

டில்லி தர்பாரை முடித்துக்கொண்டு 1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் நேபாளத் தராய்க் காட்டுக்குச் சென்றார். அந்த வேட்டையில் 39 புலிகளும், 18 காண்டாமிருகங்களும், 4 கரடிகளும் மடிந்தன. நம் சுதேச மன்னர்களும் சளைத்தவர்கள் அல்லர். சர்குஜா மகாராஜா, தாம் சுட்ட புலிகள் மொத்தம் 1,150 என்று 1965-இல் ஷாலர் என்ற விலங்கியல் அறிஞருக்குக் கடிதமே எழுதினார். ஒவ்வொருவர் ஏட்டிலும் கூட்டல் மட்டுமே இருந்தது. காட்டின் ஏட்டில் நடந்த கழித்தலை எவரும் பார்க்கவில்லை. இன்றைய சத்தீஸ்கரில் அடங்கிய கொரியா சமஸ்தானத்தில் 1947-இல் மன்னரின் குண்டுக்கு மூன்று சிவிங்கிப் புலிகள் இரையாயின. அவையே இந்தியாவின் கடைசிச் சிவிங்கிகள் என்று கருதப்படுகின்றன. 1952-இல் அவ்வினம் நாட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. பின்னர் 2022-இல் நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிகளை விமானத்தில் ஏற்றிக் கூனோ வனத்துக்குக் கொண்டுவந்தோம். அந்தக் குண்டுகளின் விலையை மூன்று தலைமுறைக்குப் பின் நாடு கொடுத்தது.

கணக்கை மாற்றி எழுதத் தொடங்கியவர்களும் வேட்டைக்காரர்களே என்பதை மறத்தலாகாது. நைனிடாலில் 1875-இல் பிறந்த ஜிம் கார்பெட், சிறுவயது முதல் துப்பாக்கியோடு காட்டில் திரிந்தவர். 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட சம்பாவத் பெண்புலியை 1907-இல் சுட்டு, குமாயூன் மக்களுக்கு வாழ்வளித்தார். அவரே பின்னாளில், விருதுப் பொருளுக்காகப் புலியைச் சுடுவதை விடுத்துப் படக்கருவியை ஏந்தினார். காட்டில் ஓசையின்றி நடக்கும் கலையும், காத்திருக்கும் பொறுமையும், தக்க கணத்தைத் தவறவிடாத கண்ணும் அதற்கும் வேண்டியிருந்தன. இன்பத்தில் பாதி துப்பாக்கியில் இல்லை, தம்மிடமே இருந்தது என்று அவர் கண்டுகொண்டார் போலும்.

ஆனால் ஒருவர் மனம் மாறினால் போதாது. 1970-இல் புலி வேட்டைக்குத் தடை வந்தது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. அவ்வாண்டுக் கணக்கில் எஞ்சியிருந்த புலிகள் 1,827. மறு ஆண்டு கார்பெட்டின் பெயர் தாங்கிய வனத்திலேயே புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் சராசரி மதிப்பீடு 3,682. எண்ணும் பழக்கம் போகவில்லை. வீழ்ந்தவற்றை எண்ணியது போய் வாழ்பவற்றை எண்ணக் கற்றோம். பரத்பூரின் வேட்டைக்காடும் 1982-இல் தேசியப் பூங்காவாயிற்று; 1985-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

அப்படியானால் துப்பாக்கியிடம் கொண்ட ஆசை என்னவாயிற்று? அது அழியவில்லை, அதற்கு முன்பே வேறொரு வாய்க்கால் வெட்டப்பட்டிருந்தது. 1951-இல் தேசியத் துப்பாக்கிச் சங்கம் தோன்றியது. அதன் முதல் தலைவர் யார் தெரியுமா? காந்தியடிகளின் வழியில் சிறை சென்ற ஆமதாபாத் வழக்கறிஞர், பின்னர் மக்களவையின் முதல் சபாநாயகரான மாவலங்கர். அகிம்சை வழியில் நின்றவர் துப்பாக்கிச் சங்கத்துக்குத் தலைவரானதில் முரண் ஏதுமில்லை என்றே நாம் கருதுகிறோம். அஞ்சுகிறவனுடைய கையிலும் வெறிகொண்டவனுடைய கையிலும்தான் ஆயுதம் கேடாகிறது. பயின்று அடங்கிய கையில் அன்று.

பிக்கானீர் அரச குடும்பத்தைப் பாருங்கள். மகாராஜா கங்காசிங் காலத்தில் கஜ்னேர் ஏரிக்கரையில் கல்கவுதாரி வேட்டை என்றால் வைசிராய்களும் ஆவலோடு வருவார்கள். அவருடைய பேரர் கர்ணிசிங், வானில் வீசப்படும் தட்டுகளைச் சுடுவதில் உலகப் புகழ் பெற்றார். ‘களிமண் புறா’ எனப்படும் அந்தத் தட்டின் விட்டம் சுமார் 11 சென்டிமீட்டர். பறவை இருந்த இடத்தில் தட்டு வந்தது. திறமையில் எள்ளளவும் குறையவில்லை. 1962-இல் கெய்ரோவில் நடந்த உலகப் போட்டியில் அவர் வெள்ளி வென்றார். ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் கலந்துகொண்டார். டில்லி துக்ளகாபாத்தில் உள்ள சுடுதளம் இன்று அவர் பெயரைத் தாங்குகிறது.

அரண்மனையில் தொடங்கிய பயிற்சி அங்கேயே நின்றுவிடவில்லை. 2004-இல் ஏதென்ஸில் ராணுவ அதிகாரி ராஜ்யவர்தன் ராத்தோர் வெள்ளி வென்றார். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா பெற்ற தங்கமே இந்தியர் ஒருவர் தனியாக வென்ற முதல் ஒலிம்பிக் தங்கம். உத்தரப் பிரதேசத்து ஜோஹ்ரி கிராமத்தில், பேத்திக்குத் துணையாகப் பயிற்சிக் களத்துக்குப் போன சந்திரோ தோமர் என்ற மூதாட்டி, அறுபதைக் கடந்த வயதில் கைத்துப்பாக்கியை எடுத்துக் குறி தவறாமல் சுட்டு ஊரை வியக்கச் செய்தார். கடலூரில் பிறந்து ஆமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019-இல் உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றார். 2024-இல் பாரிஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் பெற்றார்.

பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் அகலமே உடையது. பாயும் ரவையோ நாலரை மில்லிமீட்டர். ரவையைவிடச் சிறிய புள்ளியைத் தொட வேண்டுமானால், மூச்சை அடக்கி, நாடித் துடிப்பும் கையை அசைக்காத கணம் பார்த்து, விசையைத் தொட வேண்டும். ரவையே இல்லாமல் மணிக்கணக்கில் விசையை அழுத்திப் பழகுபவர்களும் உண்டு. அங்கே வெல்லப்படுவது விலங்கு அன்று, நம்முடைய நடுக்கமே.

மோகத்தின் மறுபக்கமும் மறையவில்லை. வட மாநிலத் திருமணங்களில் மகிழ்ச்சிக்காக வானை நோக்கிச் சுடும் வழக்கத்தால் உயிர்கள் பலியாகி வருகின்றன. எனவேதான் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தை 2019-இல் திருத்தியபோது, அத்தகைய செயலுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்று விதித்தார்கள். ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளையும் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள். குறியே இல்லாமல் சுடுகிறவனிடம் எஞ்சுவது அதிகார இன்பம் ஒன்றுதான்.

பரத்பூரின் கல்லை எவரும் பெயர்த்தெறியவில்லை, அது நன்றே. அதைக் கடந்துதான் இன்று நம் பிள்ளைகள் தொலைநோக்கியோடு பறவை பார்க்கப் போகிறார்கள். போகிற போக்கில் அவர்கள் அந்த எண்ணைப் படிக்கட்டும். வானில் பறக்கும் பறவைகளை அவர்களும் எண்ணட்டும். இரண்டு கணக்குக்கும் உள்ள வேறுபாட்டை நாம் எடுத்துச் சொல்லாமலே அவர்கள் உணர்வார்கள்.