தொம்பில் எழுதிய நம்பிக்கை

ஐயத்துக்கு இடமான ஒரு கொள்கையை, "இன்று முதல் நம்புவோம்" என்று தீர்மானித்து, அவ்வாறே நம்பிவிட மனிதரால் இயலுமா? தத்துவ ஆசிரியர் பலர் இவ்வினாவை ஆராய்ந்துள்ளனர். யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அதனைச் சூழ்ந்த தீவுகளிலும் வாழ்ந்த நம் முன்னோருக்கோ இது வெறும் ஏட்டு வினாவாக இருக்கவில்லை. 1619 முதல் 1795 வரை அந்நிய அரசுகள் இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக, அவர்களிடம் இதனைக் கேட்டன. காணியையும் உத்தியோகத்தையும் பிள்ளைகளின் உரிமையையும் பணயமாக வைத்தே கேட்டன. அவர்கள் அளித்த விடையை நாம் இன்று ஆராய்ந்து பார்ப்பது பயனுடையது.

சரவணை, வேலணை, நாரந்தனை, கரம்பொன், ஊர்காவற்றுறை முதலிய ஊர்களைக் கொண்ட தீவுக்கு ஒல்லாந்தர் இட்ட பெயர் லைடன். நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பர்க் ஆயிற்று. லைடன் என்பது ஒல்லாந்து தேசத்து நகரம். 1574இல் ஸ்பானியப் படையின் முற்றுகையைப் பசியோடும் பிணியோடும் தாங்கி நின்று தன் சுதந்திரத்தைக் காத்துக்கொண்ட நகரம் அது. அதன் பெயரைச் சுமந்த நம் தீவிலேதான் மக்களின் மனச்சாட்சியைப் பதிவேட்டில் அடக்கும் முயற்சி நடைபெற்றது.

அம்முயற்சியைத் தொடங்கியவர் போர்த்துக்கேயர். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய அவர்கள் 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தனர். கூட்டங் கூட்டமாக மக்கள் ஞானஸ்நானம் பெற்றனர். சிலர் உள்ளம் மாறியும், பலர் அஞ்சியும், வேறு பலர் ஆதாயம் கருதியும் பெற்றனர். வாளைக் கையிலெடுத்தவர் அந்நியர் மட்டுமல்லர் என்பதையும் நாம் மறைத்தல் ஆகாது. 1544இல் மன்னாரில் புதிதாகக் கிறிஸ்தவரான பரதவர் பலரைக் கொல்வித்தவன் நம் சங்கிலி மன்னனே.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், புரட்டஸ்தாந்து சமயத்தையே அரச சமயமாக்கினர். கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றினர். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்போர்க்கு மரண தண்டனை விதித்தனர். கோயிற்பற்றுத்தோறும் பள்ளிக்கூடம் அமைத்து, பிள்ளைகளை அனுப்பத் தவறிய பெற்றோரிடம் தண்டம் அறவிட்டனர். ஞானஸ்நானமும் விவாகமும் தொம்பு என்னும் பதிவேட்டில் ஏறின. அதில் ஏறாத விவாகம் சட்டத்தின் முன் விவாகமாகவில்லை. அத்தகைய விவாகத்திற் பிறந்த பிள்ளைக்கு முதுசம் கிடைப்பதும் ஐயமாயிற்று. முதலியார் பட்டமோ கச்சேரி உத்தியோகமோ வேண்டியவர் கிறிஸ்தவராயிருத்தல் வேண்டும். சரவணையில் நாலு பரப்புப் பனங்காணி வைத்திருந்த குடியானவனும் அதனைத் தன் மக்களுக்கு விட்டுச்செல்ல விரும்பினால் ஞானஸ்நானத் தொட்டியைக் கடந்தே ஆகவேண்டும்.

1663இல் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர் 62,558 பேர் என்று அக்காலக் கணக்குக் கூறுகிறது. அடிமைகள் 2,587 பேர் அத்தொகையிற் சேராமல் வேறாக எண்ணப்பட்டனர். ஆண்டவன் முன் அனைவரும் சமம் என்ற போதனையும் தொம்பின் கோட்டைத் தாண்டவில்லை! இக்காலத்தில் இங்கே பணியாற்றிய பல்தேயுஸ் பாதிரியார் 1672இல் வெளியிட்ட நூலில், இவர்கள் பெயரளவிற் கிறிஸ்தவர்களே, பழைய வழிபாட்டை விட்டாரல்லர் என்று வருந்தி எழுதினார். அவர் வருந்தியதில் நியாயம் இருந்தது. விரத நாளில் மரக்கறி உணவு உண்ட வாழையிலையைத் தெருவில் எறிந்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும் என்று அஞ்சி, கூரை இறவாரத்தில் செருகி மறைத்தனர் என்பது யாழ்ப்பாணத்தில் வழிவழியாக வழங்கும் செய்தி. 1711இல், ஞானஸ்நானம் பெற்றபின் சைவச் சடங்கிற் கலந்துகொள்வோர்க்குக் கசையடியும் ஓராண்டுச் சிறையும் என்று கட்டளை பிறந்தது. நம்பிக்கை உண்மையில் வேரூன்றியிருந்தால் அரை நூற்றாண்டு கழித்து இக்கட்டளைக்குத் தேவை ஏது? 1734ஆம் ஆண்டளவில் நல்லூர்க் கோயிலை மீண்டும் எடுப்பித்தவர், ஒல்லாந்தர் கச்சேரியிற் சிறாப்பராயிருந்த தொன் யுவான் இரகுநாத மாப்பாண முதலியார். பெயரின் முற்பகுதி தொம்புக்கு, பணி முருகனுக்கு.

கத்தோலிக்கர் வரலாறு இதனினும் சிந்தனைக்குரியது. அவர்களின் பாட்டன்மாரும் அச்சத்தாலும் ஆதாயத்தாலும் ஞானஸ்நானம் பெற்றவர்களாயிருக்கலாம். ஆயினும் 1658க்குப் பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் குருவானவர் இன்றியே அவர்கள் தம் செபத்தைக் காத்தனர். 1687இல் கோவாவிலிருந்து யோசே வாஸ் அடிகள் ஏழைக் கோலத்தில் மறைந்து வந்தபோது அவரை வீடு வீடாக ஒளித்தனர். 1689 நத்தார் இரவில் வழிபாட்டுக்குக் கூடியவர்களை ஒல்லாந்தர் சிறைப்பிடித்தனர். தொன் பேதுரு என்பவர் அடியுண்டு உயிர் துறந்தார்.

அதே 1689இல், ஒல்லாந்து மண்ணிலே, ஆங்கில அறிஞர் ஜோன் லொக் எழுதிய சமயப் பொறையுடைமை பற்றிய கடிதம் அச்சாயிற்று. மனிதனின் நம்பிக்கை அவன் விருப்பத்துக்கே கட்டுப்பட்டதன்று, ஆதலால் அரசன் ஆணையால் அதனை உண்டாக்க முடியாது என்பது அவர் வாதம். (கத்தோலிக்கர்க்கும் நாத்திகர்க்கும் அவ்வுரிமையை முழுதாய் அளிக்க அவரும் தயங்கினார்.) 1662இல் மறைந்த பிரெஞ்சு அறிஞர் பஸ்கால் வேறோர் வழி காட்டியிருந்தார்: நம்ப இயலாதவன், நம்பியவனைப் போல நடந்து பார்க்கட்டும், பழக்கமே நம்பிக்கையை விளைவிக்கும் என்றார்.

இவ்விருவருள் யார் சொல் மெய்? நம் மண்ணின் அனுபவம் இருவர்க்கும் பாதி நியாயம் வழங்குகிறது. 1795இல் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தனர். பல்லாயிரவராய்க் கணக்கில் இருந்த ஒல்லாந்தர் திருச்சபை சில ஆண்டுகளிற் கரைந்தது. 1806இல் இங்கு வந்த புக்கானன் பாதிரியார், பாழடைந்த கோயில்களையும், பணியாற்ற எஞ்சிய கிறித்தியன் தாவீது என்ற ஒருவரையுமே கண்டார். லொக் வென்றார் எனலாம். ஆனால் கத்தோலிக்கம் மறையவில்லை. ஊர்காவற்றுறைப் பகுதியில் அது இன்றும் உயிரோடிருக்கிறது. தமிழாராய்ச்சிக்கு உலக அரங்கு அமைத்த தனிநாயகம் அடிகள் 1913இல் கரம்பொன்னிற் பிறந்ததும் அம்மரபிலேயே. சைவமும் மறையவில்லை. பழக்கம் நம்பிக்கையாய் விளைந்ததற்கு இவை சான்று.

வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? ஒல்லாந்தர் சமயம் பள்ளிக்கூடத்திலும் பதிவேட்டிலும் நின்றது. கத்தோலிக்கரின் செபமும் சைவரின் விரதமும் அடுக்களையில் நடந்தன. பிள்ளைகள் பார்த்திருக்க நடந்தன. ஆபத்தைப் பகிர்ந்து நடந்தன. ஐயுற்ற முதல் தலைமுறை எதையும் நினைத்த மாத்திரத்தில் நம்பிவிடவில்லை. அவர்களாற் தெரிவு செய்ய முடிந்தது நடத்தையை மட்டுமே. அவர்களின் ஐயம் அவர்களோடு மாண்டது. வீட்டிலே செய்தது எதுவோ அதுவே பேரப்பிள்ளைகளுக்கு நம்பிக்கையாயிற்று.

இதனை நாம் பழங்கதையாய் விட்டுவிடலாமா? தம் கோயிலை மீட்ட சமூகம், 1968இல் மாவிட்டபுரக் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்களைத் தடுத்து நின்றது. இன்று சாதி உயர்வை உள்ளத்தால் நம்புவோர் எத்தனை பேர்? கேட்டால், "எமக்கு நம்பிக்கையில்லை, ஊருக்காக" என்பார்கள். எங்கே அந்த ஊருக்காக? பிள்ளையின் விவாகத்திலும் காணியின் உறுதியிலும்! ஒல்லாந்தன் பிடித்த பிடியும் இவ்விரண்டே அல்லவா? நம் மனத்திலுள்ள ஐயம் பிள்ளைகளின் கண்ணுக்குத் தெரியாது. நாம் யாரை வீட்டுக்குள் அழைத்து ஒரே பந்தியில் இருத்தினோம், யாரை முற்றத்தில் நிறுத்தினோம் என்பதே தெரியும். நாம் நம்பாத ஒன்றை அவர்கள் நம்பப்போகிறார்களா என்பது நம் முற்றத்திலேதான் தீர்மானமாகிறது.