கட்டாய வாக்கு – ஒரு வரலாற்று நோக்கு

ஏதென்ஸ் நகரத்து மக்களவை கூடும் நாள்களில், சந்தையில் நின்று கதை பேசிக்கொண்டிருக்கும் குடிமக்களைச் செங்காவிச் சாயம் தோய்த்த கயிற்றால் வளைத்து அவை நோக்கித் துரத்துவார்களாம். அரிஸ்டோபனீஸ் கி.மு. 425இல் அரங்கேற்றிய ‘அக்கார்னியர்’ என்னும் நகைச்சுவை நாடகத்தில் இச்செய்தி இடம்பெறுகிறது. ஆடையில் செங்கறை பட்டவன் கடமையில் பிந்தியவன் என்பதை ஊரே அறிந்துகொள்ளும். கயிறு போதவில்லை போலும், கி.மு. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவைக்கு வருவோர்க்குக் காசு கொடுக்கும் வழக்கம் ஏற்பட்டது. எனவே, வாராத குடிமகனை வரவழைப்பது எவ்வாறு என்னும் வினா மக்களாட்சியோடு உடன்பிறந்தது எனலாம்.

ஆயின், அக்கயிறு யாரை வளைத்தது என்பதையும் நோக்க வேண்டும். குடியுரிமை பெற்ற ஆடவரை மட்டுமே அது வளைத்தது. பெண்களும் அடிமைகளும் வேற்றூரிலிருந்து வந்து தங்கியோரும் அதே சந்தையில் நின்றாலும் சாயம் அவர்கள்மீது பட வேண்டிய தேவை எழவில்லை. கட்டாயம் என்பது எண்ணிக்கையில் சேர்க்கப்பட்டவர்க்கே உரியதாக இருந்தது.

தமிழ் மண்ணின் சான்றும் இதனையே காட்டுகிறது. முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் உத்திரமேரூர்க் கோயிற் சுவரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைப்பன. முப்பது குடும்புகளிலிருந்து உறுப்பினரைத் தேர்ந்த அம்முறையை மேடைதோறும் புகழ்வோர், அதில் வாக்களிப்பு என்பது இல்லை, திருவுளச் சீட்டே உண்டு என்பதை மறந்துவிடுகின்றனர். அதனினும் மிகுதியாக மறக்கப்படுவது, அந்நாளில் அவைக்கு வந்தாக வேண்டும் என்னும் விதி. இளையோரும் முதியோரும் உட்பட மகாசபை நிரம்பக் கூடுதல் வேண்டும். ஊரில் அன்று உள்ள நம்பிமார் ஒருவரும் ஒழியாமல் மண்டபத்தில் இருத்தல் வேண்டும் என்று கல்வெட்டு கூறுகிறது. ஓலையை எடுப்பவனோ, உள்ளே எழுதியிருப்பது அறியாத ஒரு சிறுவன். நேர்மைக்கு இத்துணைக் காப்புச் செய்த அச்சபை ஒரு சதுர்வேதிமங்கலத்துச் சபை. சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் பயிற்சியும் உடையாரே குடவோலைக்குத் தகுதி பெற்றனர். அவ்வூரின் நிலத்தை உழுதவர்களை எவரும் அழைக்கவில்லை. அவர்கள் வாராமையை எவரும் குறையாகக் கருதவுமில்லை.

நாடு தழுவிய தேர்தலில் கட்டாய வாக்கைப் புகுத்திய முன்னோடிகளுள் ஒன்று பெல்ஜியம். ஆண்டு 1893. ஆடவர் அனைவர்க்கும் வாக்கு என்றும், அதனை அளித்தே ஆக வேண்டும் என்றும் ஒரே கையால் எழுதிய அரசமைப்புத் திருத்தம், செல்வமும் கல்வியும் உடையார்க்கு மூன்று வாக்குகள் வரை மற்றொரு கையால் வழங்கியது. தொழிலாளர் திரண்டு வருவர், அடக்கமான நடுத்தர மக்கள் வீட்டிலேயே இருந்துவிடுவர் என்னும் அச்சம் ஆள்வோரிடம் இருந்தது.

இவ்வச்சமே ஆஸ்திரேலியாவிலும் தொழிற்பட்டது. குயின்ஸ்லாந்து மாநிலத்தில் டிக்பி டென்ஹாமின் அரசு 1914இல் வாக்கைக் கட்டாயமாக்கிற்று. தொழிற்கட்சியினரின் ஊக்கத்தைச் சட்டத்தால் ஈடுசெய்யலாம் என்பது அவர் கணக்கு. 1915 தேர்தலில் மக்கள் திரண்டு வந்தனர். வந்து தொழிற்கட்சியை அரியணை ஏற்றினர். டென்ஹாம் தம் தொகுதியையும் இழந்தார். தமக்கு வாக்களிக்கவே மக்கள் தயங்கி நிற்கிறார்கள் என்று எண்ணும் ஆட்சியாளர் எந்நாட்டிலும் உளர்.

கூட்டாட்சி முழுமைக்கும் கட்டாயம் வந்தது 1924இல். 1919 தேர்தலில் 71 விழுக்காடாக இருந்த வாக்குப்பதிவு 1922இல் 59 விழுக்காடாகச் சரிந்திருந்தது. டாஸ்மேனியாவைச் சேர்ந்த மேலவை உறுப்பினர் ஹெர்பர்ட் பெய்ன் தனியார் மசோதாவாக அதனைக் கொணர்ந்தார். இரு அவைகளும் பெரிதாக விவாதியாமலே அதனை நிறைவேற்றின. அடுத்த 1925ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்குப்பதிவு 91 விழுக்காட்டை எட்டியது. அது முதல் 2022 வரை அந்நாட்டின் எந்தப் பொதுத்தேர்தலிலும் அது 90க்குக் கீழே இறங்கவில்லை. 2022இல் மயிரிழையில் இறங்கிற்று.

எதிர்த்து வழக்காடியோரும் இருந்தனர். போட்டியிடும் அனைவரும் முதலாளித்துவத்தின் ஆள்களே, ஆகவே எவர்க்கும் வாக்களியேன் என்று ஜட் என்னும் சோஷலிஸ்ட் வாதிட்டார். அது போதிய காரணம் அன்று என உயர் நீதிமன்றம் 1926இல் தீர்ப்பளித்தது. ஒரு நீதிபதி மட்டும் மாறுபட்டார். இருப்பினும், வாக்கு மறைவானது. மறைப்புக்குள் ஒருவர் சீட்டில் என்ன எழுதினார் என்று எந்த அரசும் பார்த்தல் இயலாது. நடைமுறையில் கட்டாயமாவது சாவடிக்கு வருவதும் பெயரைக் குறித்துச் சீட்டைப் பெறுவதுமே ஆகும்.

விருப்பமின்றி வருவோர் வேட்பாளர் வரிசைப்படி மேலிருந்து கீழாக 1, 2, 3 என எண்ணிட்டுச் செல்வதை அங்கே ‘கழுதை வாக்கு’ என்கின்றனர். 1937இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் தொழிற்கட்சி மேலவைக்கு நிறுத்திய நால்வரின் பெயர்களும் ஆங்கில அகர வரிசையின் முதலெழுத்தில் தொடங்கின: அமோர், ஆஷ்லி, ஆம்ஸ்ட்ராங், ஆர்தர். நால்வரும் வென்றனர். கட்டாய வாக்கை மறுப்போர்க்கு இதனினும் கூரிய படைக்கலம் வேறில்லை. கீழவை வேட்பாளர்களின் வரிசையும் 1984 முதல் சீட்டுக் குலுக்கியே முடிவு செய்யப்படுகிறது. எடுப்பவரின் கண்களைத் துணியால் கட்டிவிடுவர். உத்திரமேரூர்ச் சிறுவன் கடல் கடந்து சென்றதுபோல் இருக்கிறது.

இத்துணைக் குறையிருந்தும் அந்நாட்டு மக்கள் அச்சட்டத்தை ஏற்றுக்கொண்டது ஏன்? தண்டத்தின் கடுமையால் என்று கூற இயலாது. அரசு முதலில் தன் கடமையைச் செய்தது என்பதே பொருந்தும் விடை. வாக்காளர் பட்டியலில் பெயர் பதிவது 1911லேயே கட்டாயமாயிற்று. தேர்தல் சனிக்கிழமையில் நடைபெறும் என்பதும் அவ்வாண்டே முடிவாயிற்று. வரச் சொன்னவர்கள் வழியையும் செப்பனிட்டனர்.

எனினும், எல்லார்க்கும் செப்பனிடவில்லை. 1902ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் பெண்களுக்கு வாக்களித்த பெருமையுடையது. அதே சட்டம் ஆஸ்திரேலியப் பழங்குடியினரையும் ஆசிய, ஆப்பிரிக்க, பசிபிக் தீவு மக்களையும் விலக்கியது. அங்குக் குடியேறி வாழ்ந்த இந்தியரும் இவ்விலக்கிற்கு ஆளாயினர். வலங்கைமானில் பிறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார் 1922இல் ஆஸ்திரேலியா சென்று, பேரரசின் குடிகளாகிய இந்தியர்க்கு வாக்குரிமை வேண்டும் என்று தம் நாவன்மையால் வாதாடினார். அவ்வுரிமையைச் சட்டம் வழங்கியது 1925இல். கட்டாய வாக்கின் முதல் தேர்தல் நடைபெற்றதும் அதே ஆண்டில்.

பழங்குடியினரோ மேலும் காத்திருந்தனர். 1949இல் படையில் பணிபுரிந்தோர்க்கும் மாநிலத்தில் வாக்குடையோர்க்கும் மட்டும் கதவு திறந்தது. 1962இல் அனைவர்க்கும் உரிமை வந்தது. ஆனால் பதிவு செய்துகொள்வது அவரவர் விருப்பம் என விடப்பட்டது. முறையற்ற வற்புறுத்தலால் அவர்களைப் பதியச் செய்வது குற்றம் என்றும் அச்சட்டம் கூறிற்று. வெள்ளையர் பதியாவிட்டால் தண்டம். பழங்குடியினரை வற்புறுத்திப் பதியச் செய்தால் தண்டம். இந்த வேற்றுமை நீங்கி இருவர்க்கும் ஒரே கட்டாயம் ஏற்பட்டது 1984இல். தண்டத்துக்கு உரியவராவதையும் ஒரு சமத்துவமாகக் கொள்ள வேண்டிய விந்தை இங்கே காணப்படுகிறது.

இந்தியாவின் நிலை வேறு. 1951–52 முதற் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, வடமாநிலப் பெண்கள் பலர் தம் பெயரைக் கூறாது ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் தாய்’ என்றே பதிந்திருந்தனர். பெயரின்றி வாக்கில்லை என்று தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். ஏறத்தாழ 28 இலட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். சென் செய்தது சரியே. பெயரற்ற வாக்கு கணவனின் இரண்டாம் வாக்காகவே முடிந்திருக்கும். ஆயினும், அத்தேர்தலில் கட்டாயச் சட்டம் இருந்திருந்தால் இப்பெண்களை அது எந்தப் பெயரால் அழைத்திருக்கும்?

குஜராத் சட்டமன்றம் உள்ளாட்சித் தேர்தல்களில் வாக்கைக் கட்டாயமாக்கும் மசோதாவை 2009இல் நிறைவேற்றியது. பெண்களுக்கு ஐம்பது விழுக்காட்டு இட ஒதுக்கீடும் அதிலேயே பிணைக்கப்பட்டிருந்தது. ஆளுநர் கமலா பேனிவால் ஒப்புதல் தரவில்லை. 2014இல் அடுத்த ஆளுநர் தந்தார். வாராதார்க்கு நூறு ரூபாய் அபராதம் என 2015இல் விதி வந்தது. அவ்வாண்டே உயர் நீதிமன்றம் அதனை நிறுத்தி வைத்தது. கட்டாய வாக்கு வேண்டாம் என்று சட்ட ஆணையமும் அதே 2015இல் பரிந்துரைத்தது.

பிழைப்புத் தேடி மாநிலம் விட்டு மாநிலம் சென்ற கட்டடத் தொழிலாளியின் பெயர் ஊர்ப் பட்டியலில் இருக்கும். உடல் வேறெங்கோ செங்கல் சுமக்கும். 2019 பொதுத்தேர்தலில் வாராத 33 விழுக்காட்டினருள் அவரும் ஒருவராயிருந்தால் அதனைச் சோம்பல் என்று கூறுவது கொடுமை. இருக்குமிடத்திலிருந்தே வாக்களிக்க உதவும் இயந்திரத்தின் மாதிரியைத் தேர்தல் ஆணையம் 2023 தொடக்கத்தில் கட்சிகளுக்கு விளக்க முற்பட்டது. கட்சிகள் பல அதனை ஏற்கவில்லை. அத்தகையோர்க்குத் தண்டத்திலிருந்து விலக்களித்தால் போதாதா எனலாம். தமிழில் அச்சொல்லுக்கு இரு பொருள் உண்டு. 1962இல் பழங்குடியினர்க்குக் கிடைத்ததும் விலக்கே.

அபராதம் விதிக்க முனைந்த அதே குஜராத்தில், கிர் காட்டின் நடுவே பாணேஜ் என்னும் இடத்தில் கோயில் பூசகர் ஒருவர் தனித்து வாழ்ந்தார். அவர் ஒருவருக்காகவே தேர்தல்தோறும் அலுவலர் குழு காட்டுவழியே இயந்திரத்தைச் சுமந்து சென்று சாவடி அமைத்துக் காத்திருந்தது. 2019 பொதுத்தேர்தலிலும் அவர் வந்து வாக்களித்தார். அச்சாவடியில் வாக்குப்பதிவு நூறு விழுக்காடு.