தலைக்கு மேல் ஓடும் சிவப்புக் குழாயின் கதை

நம் பேஸ்மெண்ட் கார் பார்க்கிங்கில் தலைக்கு மேல் ஓடும் சிவப்புக் குழாய்களைத் தினமும் பார்க்கிறீர்கள். அவற்றில் இடைவெளி விட்டுத் தொங்கும் சின்ன மூக்குகளை நின்று பார்த்திருக்கிறீர்களா? அதுதான் ஸ்பிரிங்க்ளர். அதன் நடுவில் சிவப்புத் திரவம் அடைத்த ஒரு கண்ணாடிக் குமிழ் இருக்கும். அந்த இடத்தில் சூடு ஏறிக் குமிழ் 68 டிகிரி செல்சியஸைத் தொட்டால், திரவம் விரிந்து கண்ணாடி நொறுங்கும். குமிழ் தாங்கிக்கொண்டிருந்த மூடி விழுந்து, தண்ணீர் பீறிட்டு, கீழே உள்ள தகட்டில் மோதிக் குடைபோல விரியும். திறந்துவிட ஆள் வேண்டியதில்லை. சினிமாவில் ஒருவர் சிகரெட் பற்றவைத்ததும் மாடி முழுக்க மழை கொட்டும். நிஜத்தில் எந்தக் குமிழுக்குச் சூடு தட்டுகிறதோ, அது மட்டும்தான் திறக்கும்.

இந்தச் சாமான் பிறந்தது பஞ்சாலைகளால். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் வடகிழக்கில் இருந்த நூற்பாலைகளில் மரத்தரை, எண்ணெய் ஊறிய இயந்திரங்கள், காற்றெல்லாம் பஞ்சுத் தூசி. ஒரு பொறி போதும். ரோட் ஐலண்டில் சக்கரையா ஆலன் என்ற ஆலை முதலாளி தீ பரவாதபடி கனமான கதவுகள், பம்பு, ஹோஸ் எல்லாம் வைத்து ஆலை கட்டினார். அதைக் காட்டி, பிரீமியத்தைக் குறையுங்கள் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் கேட்டார். முடியாது என்றார்கள். 1835ல் அவர் மற்ற ஆலை முதலாளிகளைச் சேர்த்துக்கொண்டு, தங்களுக்குத் தாங்களே காப்பீடு செய்துகொள்ளும் பரஸ்பரக் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார். ஒழுங்காகப் பாதுகாப்புச் செய்த ஆலைக்குத்தான் அதில் இடம். அடமானச் சரக்குக்கு ஃபயர் பாலிசி ரினியூ ஆயிற்றா என்று பார்த்தே பல வருஷம் தள்ளியவன் நான். இந்த ஆலன் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

முதலில் அந்த ஆலைகள் செய்தது, கூரையடியில் துளையிட்ட குழாய்களை ஓடவிடுவது. தீ என்றால் ஒருவர் ஓடிப்போய் வால்வைத் திறக்க வேண்டும். திறந்தால் தீ இருக்கும் மூலை, இல்லாத மூலை என்று பார்க்காமல் கூடம் முழுக்க நனையும். தீயில் பிழைத்த பஞ்சு தண்ணீரில் வீணாகும்.

1874ல் ஹென்றி பார்மலி, நியூ ஹேவன் நகரில் தன்னுடைய பியானோ தொழிற்சாலையில் வேறு வழி கண்டார். ஒவ்வொரு தண்ணீர்த் தலைக்கும் ஒரு பித்தளை மூடி போட்டு, குறைந்த சூட்டில் உருகும் பற்றினால் ஒட்டிவிட்டார். தீயின் சூட்டில் பற்று இளகும், மூடி விழும். ஒரே குறை: மூடிக்குப் பின்னாலேயே தண்ணீர் இருந்ததால் பற்று குளிர்ந்துகொண்டே இருந்து, உருக நேரம் பிடித்தது. பார்மலியிடம் உரிமம் வாங்கித் தயாரித்துவந்த ஃபிரெடெரிக் கிரின்னெல் 1881ல் அந்தப் பற்றைத் தண்ணீர் படாத இடத்துக்கு நகர்த்திவிட்டார். தலை சட்டென்று திறந்தது. கண்ணாடிக் குமிழ் பின்னால் வந்தது.

பரஸ்பரக் கம்பெனிகள் ஸ்பிரிங்க்ளரை வற்புறுத்தியதால் பஞ்சாலைகளில் அது வேகமாகப் பரவியது. காப்பாற்றப்பட்டது முதலில் சரக்கு. மனிதர்களின் முறை வரக் காத்திருக்க வேண்டியிருந்தது. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் தையல் தொழிற்சாலையில் எட்டாவது மாடியில் பிடித்த தீ 146 பேரைக் கொன்றது. பெரும்பாலோர் இளம்பெண்கள். ஒன்பதாவது மாடியில் ஒரு படிக்கட்டுக் கதவு பூட்டியிருந்தது. தீயணைப்பு ஏணி ஆறாவது மாடியைத் தாண்டவில்லை. கிரின்னெலின் ஸ்பிரிங்க்ளர் வந்து 30 வருஷம் ஆகியும் அங்கே அது கிடையாது. தீப்பிடிக்காத கட்டடம் என்று பெயர் வாங்கிய அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது, பல்கலைக்கழக வகுப்புகள் நடக்கின்றன.

தண்ணீர் எல்லாவற்றுக்கும் ஆகாது என்பதால் மற்றவை வந்தன. எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் மேலே மிதந்து தீ இன்னும் பரவும். எண்ணெய்க் கிணறுகளின் ஊரான பாகூவில் ஆசிரியராக இருந்த அலெக்சாண்டர் லோரான் என்ற ரஷ்யர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நுரையைக் கொண்டு அதை மூடும் வழியைக் கண்டுபிடித்தார். மின்சாரப் பேனலுக்குக் கார்பன்-டை-ஆக்சைடு. அது பிராணவாயுவை விரட்டித் தீயை அணைப்பதால், மூடிய அறையில் மனிதருக்கும் ஆபத்து. கம்ப்யூட்டர் அறைகளில் இருந்த ஹேலான் வாயு ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று தெரிந்து, மாண்ட்ரியல் உடன்பாட்டின்படி 1994ல் வளர்ந்த நாடுகள் அதன் உற்பத்தியை நிறுத்தின.

அடுக்குமாடியில் இருக்கும் நாம் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஃபிலடெல்ஃபியாவில் நடந்தது. 1991 பிப்ரவரி 23 இரவு, ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தின் 22ஆவது மாடியில், ஆளி விதை எண்ணெய் நனைந்த துணிகளில் தீ தானாகவே பிடித்தது. மின்சாரம் போயிற்று. வீரர்கள் இருட்டில் படியேறி, கட்டடத்தின் செங்குத்துக் குழாயில் ஹோஸை மாட்டினால், தண்ணீரில் வேகம் இல்லை. அழுத்தம் குறைக்கும் வால்வுகளைச் சரியாக அமைக்காமல் விட்டிருந்தார்கள். மூன்று வீரர்கள் உயிரிழந்தார்கள். கட்டடம் இடியும் என்ற பயத்தில் கடைசியில் எல்லோரையும் வெளியே வரச் சொல்லிவிட்டார்கள். தீ மாடி மாடியாக ஏறி 30ஆவது மாடிக்கு வந்தது. அங்கே குடியிருந்த அலுவலகத்துக்காக ஸ்பிரிங்க்ளர் பொருத்தியிருந்தார்கள். கீழே தீயணைப்பு வண்டிகள் குழாயில் தண்ணீர் ஏற்ற, பத்தே பத்து தலைகள் திறந்தன. அதோடு தீ நின்றது.

இதைப் படித்தபின் நம் ஏ.எம்.சி. ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு மாடியிலும் ஹைட்ரண்ட்டைத் திறந்து அழுத்தம் அளந்தார்களா, அல்லது பம்ப் ரூம் கேஜை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்களா? ஸ்பிரிங்க்ளர் இருந்தும் வேலை செய்யாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம், ஏதோ கசிவு என்று மூடிய வால்வை யாரும் திரும்பத் திறக்காததுதான். பெயிண்ட் அடிக்கும்போது குமிழ் மேலும் ஒரு கோட் பட்டுவிட்டால் சுரண்டக் கூடாது; அந்தத் தலையையே மாற்ற வேண்டும். கொடி கட்டவும் அது ஆணி அல்ல. அடுத்த பொதுக்குழுவுக்கு வரும்போது வால்வுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். நானும் கேட்கப்போகிறேன்.