ஜன்னலை மூடிய பெட்டி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஹவுராவிலிருந்து பண்டேல் போகும் லோக்கலில் குடும்பத்தோடு போய்க்கொண்டிருந்தோம். லிலுவா பக்கம் வண்டி மெதுவானபோது பக்கத்துத் தண்டவாளத்தில் நீளமாக ஒரு ரயில் நின்றிருந்தது. அதைப் பார்த்துவிட்டு மகள் கேட்டாள்: "அப்பா, இந்த ட்ரெயினுக்கு ஏன் ஜன்னலே இல்லை?"

"கூட்ஸ் வண்டிம்மா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் சரியாகப் பார்த்தேன். கூட்ஸ் வண்டிக்கு அப்படி வளைந்த கூரை இருக்காது. நீளமும் நமக்குப் பழகின நீளம். பக்கவாட்டில் ஒரே அளவில் சதுரம் சதுரமாகத் தடம் வேறு தெரிந்தது. ஜன்னல் இருந்த இடங்கள்தான் அவை. ஒவ்வொன்றின் மேலும் இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்திருந்தார்கள். கதவுகளுக்கும் அதே கதி. ஓரத்தில் வெள்ளைப் பெயின்டில் ஆங்கிலத்தில் மூன்றெழுத்து: என்.எம்.ஜி.

எங்கள் லேக் மார்க்கெட் பகுதியில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு தமிழ்ப் பெரியவர் இருக்கிறார். அன்று சாயங்காலம் அவரிடம் கேட்டேன். "அதுவாப்பா? நீங்க எல்லாம் ஊருக்குப் போன பெட்டிதான் அது. ரிட்டயர் ஆனதுக்கப்புறம் கார் ஏத்திண்டு போறது" என்று சிரித்தார்.

அதற்குப் பிறகு தேடிப் படித்ததையும் அவர் சொன்னதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

என்.எம்.ஜி. என்றால் 'நியூலி மாடிஃபைட் கூட்ஸ்'. புதிதாக மாற்றப்பட்ட சரக்குப் பெட்டி என்று அர்த்தம். பெயரில் மட்டும்தான் புதிது. பயணிகள் பெட்டியாக ஏறத்தாழ 25 வருஷம் ஓடி முடித்த பெட்டியை எடுக்கிறார்கள். இருக்கை, பெர்த், கழிவறை, விளக்கு, மின்விசிறி எல்லாவற்றையும் கழற்றிவிடுகிறார்கள். பக்கத்து ஜன்னல்களையும் கதவுகளையும் தகடு போட்டு மூடுகிறார்கள். தரையைப் பலப்படுத்துகிறார்கள். பெட்டியின் கடைசிச் சுவரை அகலமாகத் திறந்து அங்கே கதவு வைக்கிறார்கள். கார்களை இந்தக் கடைசிக் கதவு வழியாக ஓட்டி ஏற்ற வேண்டும். ஒரு பெட்டிக்கும் அடுத்ததற்கும் நடுவே பலகை போட்டால் கார் பெட்டி பெட்டியாக உள்ளேயே ஓடிப்போய் நின்றுகொள்ளும். காஞ்சிபுரம் பக்கத்து வாலாஜாபாத் ஸ்டேஷனில் இப்படித்தான் புதுக் கார்களை ஏற்றி வடக்கே அனுப்புகிறார்கள்.

நான் பி.காம். படித்து வங்கியில் குப்பை கொட்டுகிறவன். எனக்கு இதில் முதலில் தெரிந்தது கணக்குதான். 25 வருஷத்தில் தேய்மானம் முழுக்கக் கழித்தாயிற்று. கணக்குப் புத்தகத்தில் பழைய இரும்பு விலைதான் மிச்சம். ஆனால் சக்கரமும் சட்டமும் இன்னும் சில வருஷம் சுமை தாங்கும். கார் ஒன்றும் அரிசி மூட்டை போல் கனமில்லை, இடத்தைத்தான் அடைக்கும். அதற்கு இப்படிப்பட்ட நீளப் பெட்டி பொருத்தம். எழுதித் தள்ளிய சொத்திலிருந்து வருமானம்! எந்த ஆடிட்டரும் பாராட்டுவார்.

சரி, முதலில் ஏன் ரிட்டயர் செய்கிறார்கள்? பெரும் காரணம் துரு. துரு பிடிக்கும் இடங்களில் முக்கியமானது ஜன்னலுக்குக் கீழே. மழைத் தண்ணீர், நாம் ஜன்னலோரத்தில் கை கழுவிய தண்ணீர், கவிழ்ந்த காபி எல்லாம் இடுக்கில் இறங்கி, வெளித்தகட்டுக்கும் உள்பலகைக்கும் நடுவே தங்கி, உள்ளிருந்து அரிக்கும். கழிவறைப் பக்கம் கேட்கவே வேண்டாம். ஆக ஜன்னல்தான் பயணிக்குச் சொர்க்கம், பணிமனைக்காரருக்குத் தலைவலி. மூடிவிட்டால் அந்தத் தலைவலி பாதி குறையும்.

இந்தப் பெட்டிகளின் பிறந்த வீடு நம்ம பெரம்பூர். ஐ.சி.எஃப். என்கிற இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையை 1955 அக்டோபர் 2 அன்று நேரு தொடங்கி வைத்தார். தொழில்நுட்பம் ஸ்விட்சர்லாந்தின் ஷ்லீரன் என்ற ஊர்க் கம்பெனியுடையது. அதற்கு முன் நம் நாட்டில் நிறைய மரப்பெட்டிகள் ஓடின. விபத்தில் ஒன்றுக்குள் ஒன்று சொருகிக்கொள்ளும். பெரம்பூரில் கட்டியது முழுக்க எஃகு, எல்லாம் வெல்டிங். பிற்காலத்தில் பஞ்சாபின் கபூர்தலாவிலும் இதே வடிவத்தில் கட்டினார்கள். கடைசியாகப் பெரம்பூரில் இந்த வடிவம் நின்றது 2018 ஜனவரியில். இப்போது அங்கே ஜெர்மன் வடிவமான எல்.எச்.பி. பெட்டிகளும் வந்தே பாரத்தும் கட்டுகிறார்கள். பழைய நீலப் பெட்டிகள் வரிசையாக ஓய்வு பெறுகின்றன. அவற்றில் கொஞ்சம் ஜன்னலை இழந்து சரக்குப் பெட்டி ஆகின்றன.

ஜன்னல் இருந்தால் ஆள், இல்லாவிட்டால் சரக்கு. இந்த வித்தியாசம் ரயிலுக்கு மட்டுமில்லை. சாலையில் ஓடும் வேனுக்கும் உண்டு. அங்கே இதை முடிவு செய்தவர்கள் பெரும்பாலும் என்னைப் போன்ற கணக்குப் பிள்ளைகள், அதாவது வரி அதிகாரிகள்!

இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை வீட்டு ஜன்னலை எண்ணி வரி போட்டார்கள். மக்கள் செங்கல் வைத்து ஜன்னலை அடைத்தார்கள். அதே நாட்டில் 1940ல் கொள்முதல் வரி என்று ஒன்று வந்தது. காருக்கு உண்டு, சரக்கு வேனுக்குக் கிடையாது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் பக்கத்தில் ஜன்னல் இல்லாவிட்டால் அது வேன். 1960ல் வந்த மினி வேனைப் பலர் வாங்கியது இந்த லாபத்துக்காகத்தான். பிறகு யாராவது பக்கத்தகட்டை வெட்டிக் கண்ணாடி பொருத்தினால், வரி கட்டச் சொல்லி நோட்டீஸ் வரும். 1973ல் அந்த வரி போய் மதிப்புக் கூட்டு வரி வந்தது.

அமெரிக்காவில் இன்னும் வேடிக்கை. அமெரிக்கக் கோழிக்கு ஐரோப்பா வரி போட்டது என்று கோபப்பட்டு, 1963 டிசம்பரில் இறக்குமதி லாரி, சரக்கு வேன்களுக்கு 25 சதவீதம் வரி போட்டார்கள். ஆள் போகும் வண்டிக்கு வரி அதைவிட மிகக் குறைவு. பல வருஷம் கழித்து ஃபோர்டு கம்பெனி துருக்கியில் கட்டிய சின்ன வேன்களை ஜன்னலோடும் பின் இருக்கையோடும் இறக்கியது. சுங்கம் தாண்டியதும் பால்டிமோரில் இருக்கையைக் கழற்றிவிட்டு, கண்ணாடியை எடுத்துத் தகடு பொருத்திச் சரக்கு வேனாக விற்றது. சுங்கத்துறை 2013ல் இது செல்லாது என்றது. வழக்கு பல படி ஏறி, 2024ல் 36.5 கோடி டாலர் கொடுத்து ஃபோர்டு சமாதானம் செய்துகொண்டது. ஒரு ஜன்னல், ஒரு தகடு, அவ்வளவு பணம்!

இப்படி வெட்டியும் அடைத்தும் வந்த பழைய வேன்கள் இப்போது புதுப்பிப்பவர்கள் கையில் வருகின்றன. 1950ல் உற்பத்தி தொடங்கிய ஃபோக்ஸ்வேகன் வேனிலேயே இரண்டு வகையும் உண்டு. ஜன்னல் இல்லாத சரக்கு வேன் ஒன்று, ஜன்னல் வைத்தது ஒன்று. சரக்கு வேனை வாங்கியவர் பிள்ளைகள் வெளியே பார்க்கட்டும் என்று பிற்பாடு ஜன்னல் வெட்டியிருப்பார். இப்போது புதுப்பிப்பவர் 'கம்பெனியில் வந்தபடி' வேண்டும் என்று அதை மூட நினைப்பார்.

மூடுவது லேசுப்பட்ட வேலை இல்லை. கண்ணாடியையும் ரப்பரையும் எடுத்துவிட்டு விளிம்பில் துருப்பிடித்ததை அறுத்துவிட வேண்டும். அதே கனத்தில் தகடு வெட்ட வேண்டும். பக்கத்தகட்டின் லேசான வளைவு அதற்கும் வர வேண்டும். பிறகு அங்கொன்று இங்கொன்றாகப் புள்ளி வைத்து, ஆறவிட்டு ஆறவிட்டு வெல்டிங் செய்ய வேண்டும். அவசரப்பட்டு ஒரே கோடாக இழுத்தால் சூட்டில் தகடு அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். நெளிந்ததை மறைக்கப் பட்டியை அப்பினால் இரண்டு மழைக்காலத்தில் வெடித்து, ஜன்னல் சட்டம் பழையபடி எட்டிப் பார்க்கும். அப்படிப் பட்டி பார்த்த வண்டியைக் காந்தம் வைத்தே கண்டுபிடித்துவிடலாம். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டாது. நல்ல டிங்கர் மூடிய ஜன்னலோ இருந்த இடமே தெரியாது.

எனக்கு உறுத்துவது அந்தத் 'தெரியாது'தான். ஏன் என்று சொல்கிறேன்.

2004ல் கல்கத்தாவுக்கு வேலைக்குக் கிளம்பினேன். சென்னை சென்ட்ரல், கோரமண்டல் எக்ஸ்பிரஸ், ஸ்லீப்பர் பெட்டி. சுமார் 1,660 கிலோமீட்டர். அப்பா வழியனுப்ப வந்திருந்தார். பெரிதாக ஒன்றும் பேசவில்லை. பிளாட்பாரத்தில் நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தண்ணி பாட்டில் வெச்சுண்டியா, ஆதாரமா ஒரு நூறு ரூபாயைத் தனியா வெச்சுக்கோ" என்று இதையே மாற்றி மாற்றிச் சொன்னார். வண்டி நகர்ந்தபோது கம்பியை விடாமல் பத்தடி நடந்தார். என் அத்திம்பேர் அதைப் படம் எடுத்தார். அந்தப் படம் இன்னும் வீட்டில் இருக்கிறது. அப்பா இல்லை.

பெரியவர் ஒரு விஷயம் சொன்னார். நம்மூர் ரயில் பெட்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கம் அது கட்டிய வருஷம். வீட்டுக்கு வந்து படத்தை எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் எண் பாதி தெரிகிறது. 93 என்று தொடங்குகிறது. 1993 கூட்டல் 25, 2018. கணக்கு அவ்வளவுதான். அப்பா பிடித்துக்கொண்டிருந்த அந்த ஜன்னல் இந்நேரம் உடைத்து உருக்கப்பட்டிருக்கலாம். அல்லது மேலே ஒரு தகடோடு, உள்ளே நாலைந்து புதுக் கார்களோடு, எங்காவது ஓடிக்கொண்டிருக்கலாம். லிலுவாவில் பார்த்ததாகக்கூட இருக்கலாம்.

ரயில்வேயைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பெட்டி ஓடுவதற்குத்தான். ஏசி பெட்டியில் ஜன்னல் திறக்காததால் யாரும் பயணத்தை நிறுத்திவிடவும் இல்லை. வழியனுப்புகிறவர் கண்ணாடிக்கு வெளியே வாயசைக்கிறார், நாம் செல்போனில் கேட்டுக்கொள்கிறோம். காலம் அப்படி.

ஆனால் ஒரு ஆசை. பெரம்பூரில் ஐ.சி.எஃப். பக்கத்தில் 2002 முதல் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. இங்கே ஹவுராவிலும் 2006 முதல் ஒன்று உண்டு. எப்போதாவது இந்த என்.எம்.ஜி. பெட்டி ஒன்றைக் காட்சிக்கு வைக்கும்போது, 'கட்டியபடியே' கொண்டுவருகிறேன் என்று எல்லாத் தகட்டையும் அறுத்து ஜன்னல் வைக்கவும் வேண்டாம், எல்லாவற்றையும் மூடியபடியே விடவும் வேண்டாம். ஒரு பக்கம் ஜன்னலைத் திறந்து கம்பி போடட்டும். மறுபக்கம் தகடு அப்படியே இருக்கட்டும். 25 வருஷம் ஆளைச் சுமந்ததும் உண்மை, அப்புறம் காரைச் சுமந்ததும் உண்மை. பழைய வேனைப் புதுப்பிப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். மூடுங்கள், ஆனால் மூடுவதற்கு முன் ஒரு படம் எடுத்து வையுங்கள். உள்பக்கச் சட்டத்தை வெட்டாமல் விடுங்கள். அந்த ஜன்னலை வெட்டியவருக்கு ஒரு காரணம் இருந்திருக்கும்.

நம்மைப் போல் ஊரை விட்டு வந்த குடும்பங்களில் எல்லோர் ஆல்பத்திலும் ஒரு ஜன்னல் படம் இருக்கும். இந்த வாரம் எடுத்துப் பாருங்கள். பெட்டி எண் தெரிந்தால் பின்னால் குறித்து வையுங்கள். வெளியே நிற்கிறவர் யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நம் பிள்ளைகளுக்கு அது தெரியாது.

மகளிடம் படத்தைக் காட்டினேன். "இது தாத்தாவா? ஏன் கம்பியைப் பிடிச்சுண்டு இருக்கார்?" என்றாள்.

"வண்டி கிளம்பப் போறதும்மா" என்றேன்.