சம்பளமும் கிம்பளமும்

அட்லாண்டா நகரத்து ஜார்ஜியா டெக் கல்லூரிக்கு 1904-ஆம் ஆண்டில் கால்பந்துப் பயிற்சியாளராக வந்து சேர்ந்த ஜான் ஹைஸ்மன், ஆண்டுக்கு 2,250 டாலர் சம்பளமும், உள்ளூர் மைதானத்துப் பந்தயங்களின் நுழைவுச்சீட்டு வசூலில் நூற்றுக்கு 30 பங்கும் பேசிக்கொண்டு வந்தவர். பதினாறு பருவங்கள் அங்கே கோலோச்சிய அவர், மனைவியோடு மணவிலக்கு நேர்ந்தபோது, இருவரும் ஒரே ஊரில் இருந்துகொண்டு ஊர்வாய்க்கு அவலாக வேண்டாம் என்று கருதி, இருக்கும் ஊரைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை அம்மையாருக்கே விட்டுக்கொடுத்தார்; அம்மையார் அட்லாண்டாவை விரும்பவே, 1919-ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும் இவர் பென்சில்வேனியாவுக்குப் பெட்டி கட்டினார். அந்தப் பிரிவில் கல்லூரிக்கும் பயிற்சியாளருக்கும் இடையே விவகாரம் ஒன்றும் எழவில்லை. போகிறவர் தாமாகவே போனார். அறுபது ஆண்டுகள் கழித்து, அதே கல்லூரியில், அதே நாற்காலியில் இருந்து ஒருவர் போகச் சொல்லப்பட்டார். அவர் சும்மா போகவில்லை.

கதைக்குள் நுழையுமுன் ஒரு வார்த்தை. அமெரிக்கர் கால்பந்து என்று சொல்லும் ஆட்டத்தில் காலுக்கு இருக்கும் வேலை மிகச் சொற்பம். நீள்வட்டமான பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, எதிரே மலைபோல் வந்து விழும் ஆட்களைப் பிளந்துகொண்டு ஓடுவதே அதன் சாரம். அதை ஆடுகிற மாணவர் நெடுங்காலம் ஊதியமின்றி ஆட, ஆட்டுவிக்கிறவருக்கு மட்டும் அந்த மாநிலத்து ஆளுநரைக் காட்டிலும் அதிகமான ஊதியம் கிடைப்பது அந்நாட்டில் ஒருவரும் வியக்காத ஏற்பாடு.

நம் கதாநாயகரின் பெயர் பிராங்க்ளின் ராஜர்ஸ். ஊரார் அழைத்தது 'பெப்பர்' ராஜர்ஸ். மிளகு என்ற அந்தச் செல்லப்பெயரே நிலைத்து, நீதிமன்றத் தீர்ப்பைப் படிக்கிறவர்கள் நினைவிலும் அதுவே தங்கிவிட்டது. 1931-ஆம் ஆண்டு அட்லாண்டாவிலேயே பிறந்து, பாபி டாட் என்ற புகழ்பெற்ற ஆசானிடம் ஜார்ஜியா டெக்கிலேயே ஆடிப் பழகி, 1952-ஆம் ஆண்டுப் புத்தாண்டு தினத்தன்று ஆரஞ்சு பௌல் பந்தயத்தில் பேய்லர் பல்கலைக்கழகத்தை 17-க்கு 14 என்று வீழ்த்திய வெற்றி உதையைத் தம் காலால் கொடுத்து, அதே ஆண்டு இறுதியில் ஒரு தோல்வியும் காணாத அணியிலும் இருந்தவர் அவர். பிறகு கான்ஸாஸ் பல்கலைக்கழகத்திலும், லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலும் பயிற்சியாளராகப் பெயர் வாங்கி, 1974-இல் தாய்வீடு திரும்பினார். சொந்த ஊர்ப் பிள்ளை, பழைய வீரர், குருவின் சீடர் என்று மூன்று வகையிலும் உரிமை கொண்டாடத்தக்க ஒருவர் ஆறு பருவங்களில் கண்ட கணக்கு 34 வெற்றி, 31 தோல்வி, 2 சமன். சொந்தப் பிள்ளைக்கும் இந்தக் கணக்கு போதாது. 1979-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் தேதி ஜார்ஜியா டெக் விளையாட்டுச் சங்கத்தின் தர்மகர்த்தர் சபை கூடி வாக்கெடுத்து அவரை நீக்கியது. கையிலிருந்த ஒப்பந்தமோ 1981 டிசம்பர் 31 வரை செல்லும்.

இந்தச் சங்கம், வாசகர் கவனிக்க வேண்டும், கல்லூரியே அன்று. கல்லூரியின் விளையாட்டு விவகாரங்களை நடத்துவதற்கென்று தனியே பதிவு செய்யப்பட்ட, லாப நோக்கமற்ற ஒரு ஸ்தாபனம். அது கஞ்சத்தனமும் செய்யவில்லை. வேலை இல்லையென்று சொன்ன பிறகும், ஒப்பந்தத்தின் கடைசி நாள் வரை சம்பளத்தைத் தானாகவே கொடுத்து, நலக் காப்பீட்டையும் ஓய்வூதியப் பங்கையும் நிறுத்தாமல் வைத்திருந்தது. உழைக்காமலே இரண்டு வருஷச் சம்பளம் பெற்ற மனிதர் எதற்காக நீதிமன்றப் படி ஏறினார்?

நம்மவர் சம்பளத்தோடு சேர்த்துக் கிம்பளம் என்று சொல்வதுண்டு. அது பெரும்பாலும் லஞ்சத்தைச் சுட்டும் பரிகாசச் சொல்லாகிவிட்டபடியால் இங்கே முழுதும் பொருந்தாது. பழைய கிராமக் கணக்குகளில் ஊர் ஊழியர்க்குக் களத்துமேட்டில் தனியே அளந்து கொடுத்த நெல்லுக்குச் 'சுதந்திரம்' என்று பெயர் இருந்தது. கூலியும் அன்று, பிச்சையும் அன்று, பதவியோடு ஒட்டிக்கொண்டு வரும் பாத்தியதை. ராஜர்ஸின் ஒப்பந்தத்திலும் அத்தகைய சொல் ஒன்று இருந்தது. சம்பளம், காப்பீடு, ஓய்வூதியம் இவற்றுக்குப் பின்னால், சங்கத்தின் ஊழியர் என்ற முறையில் அவ்வப்போது அவருக்குத் தகுதிப்படும் 'இதர அனுபோகங்கள்' என்ற கருத்தில், ஒரு வாலைப் போல, அது தொங்கிக்கொண்டிருந்தது. எழுதியவர் அதற்குமேல் விளக்கவில்லை. அந்த வாலைத்தான் ராஜர்ஸ் பிடித்துக்கொண்டார்.

அவர் தாக்கல் செய்த ஜாபிதாவில் 29 இனங்கள். அந்த ஜாபிதா ஒரு காலத்தின் வாழ்க்கைச் சித்திரம். அதை அவசரமாகத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. காருக்குப் பெட்ரோல், எண்ணெய், பழுது பார்க்கும் செலவு, வீரர்கள் உண்ணும் பந்தியில் சாப்பாடு, உள்ளூர்ப் பந்தயங்களுக்குப் பருவச் சீட்டு எட்டு, அதே மைதானத்தில் ஏறக்குறைய நாற்பது பேர் அமரத்தக்க இரண்டு ஒதுக்கிடங்கள், கூடைப்பந்துக்குச் சீட்டு, அட்லாண்டாவின் தொழில்முறை அணியான பால்கன்ஸ் ஆட்டங்களுக்குச் சீட்டு, ஒவ்வொரு பந்தயத்தின்போதும் சட்டைப்பைச் செலவுக்குச் சில்லறை, வண்டி நிறுத்த இடம், ஒரு காரியதரிசியின் சேவை, ஓர் உதவியாளரின் சேவை, பயிற்சியாளர் மாநாடுகளுக்குப் போய்வரும் செலவு, நகரத்துப் பெரிய மனிதர் கூடும் கேப்பிடல் சிட்டி கிளப், செரோக்கி கன்ட்ரி கிளப் போன்றவற்றின் சந்தா. இவை சங்கம் நேரே கொடுத்து வந்தவை. சங்கத்துக்கு வெளியே இருந்து வந்தவை இன்னும் ருசிகரமானவை: தொலைக்காட்சியில் அவர் பெயராலேயே நடந்த நிகழ்ச்சியின் லாபம், வானொலி நிகழ்ச்சியின் லாபம், கோடைக்காலத்தில் சிறுவர்களுக்கு நடத்திய பயிற்சி முகாமின் லாபம், புதிய காடிலாக் கார் ஒன்றின் உபயோகம், குறிப்பிட்ட சில ஹாலிடே இன் விடுதிகளில் தங்கும் வசதி, டென்னிஸ் கிளப் அங்கத்துவம், குடியிருக்க வீடு, பழைய மாணவரும் அபிமானிகளும் மனமுவந்து கொடுக்கும் பணமுடிப்பு.

பணமுடிப்பையும் ஜாபிதாவில் சேர்த்த துணிச்சலை மெச்சத்தான் வேண்டும். அன்பின் பேரில் கொடுப்பதை அன்பு தீர்ந்த பிறகும் கொடு என்று கேட்பதற்குத் தனித் தைரியம் வேண்டும். ஆயினும் மற்ற இனங்களைப் படிக்கும்போது, அவர் வக்கீலின் எண்ணம் வெறும் பேராசை அன்று என்று எனக்குத் தோன்றுகிறது. சம்பளம் என்று காகிதத்தில் எழுதியது அந்தப் பதவியின் வெளிப்புறச் சுவர் மட்டுமே. பயிற்சியாளர் உண்மையில் குடியிருந்தது இந்த 29 அறைகளில். சுவரைக் கொடுத்துவிட்டோம், வீட்டைக் கேட்காதே என்பது சங்கத்தின் வாதம் என்று அவர் காட்ட விரும்பினார்.

சங்கத்தின் வாதமும் அசட்டு வாதம் அன்று. பயிற்சி கொடுக்கிறவருக்குப் பயிற்சியின் பொருட்டுத் தந்தவை இவை. பயிற்சியே இல்லாதபோது இவை எதற்கு? தொலைக்காட்சிக்காரரும் கார்க்காரரும் தாமாகக் கொடுத்தவற்றுக்குச் சங்கம் எப்படிப் பொறுப்பு? இப்படிச் சொல்லி விசாரணை நீதிமன்றத்தில் சங்கம் ஜெயித்தும் விட்டது. ராஜர்ஸ் மேல்முறையீடு செய்தார். 1983-ஆம் ஆண்டில் ஜார்ஜியா மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ஒரு பகுதியில் ஏற்று, ஒரு பகுதியில் புரட்டியது.

நீதிமன்றம் ஜாபிதாவின் குறுக்கே கிழித்த கோடுதான் வழக்கின் ஜீவன். காரியதரிசியும் உதவியாளரும் மாநாட்டுப் பயணமும் வேலையைச் செய்வதற்கான கருவிகள். வேலை போனால் கருவியும் போம். உழவை நிறுத்தியவன் கலப்பைக்கு நஷ்ட ஈடு கேட்க முடியாது. ஆனால் கருவியாக அன்றி, ஊழியர் என்பதற்காக ஒருவர் அனுபவித்து வந்த வசதிகளை அப்படித் தள்ளிவிட இயலாது. ஒப்பந்தச் சொல் அவற்றைத் தழுவுகிறதா என்பது விசாரிக்க வேண்டிய சங்கதி. தொலைக்காட்சி, வானொலி, கோடை முகாம் ஆகியவற்றின் லாபம் மூன்றாமவரிடமிருந்து வந்தது உண்மையே. எனினும் ஒப்பந்தம் செய்த காலத்தில், இந்தப் பதவிக்கு வருகிறவருக்கு இவையும் வரும் என்பது இரு தரப்பாருக்கும் தெரிந்திருந்தால், பதவியைப் பறித்தவர் அந்த நஷ்டத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவராகலாம் என்றது நீதிமன்றம்.

இந்தத் தத்துவம் புதிதன்று. 1854-இல் இங்கிலாந்தில், உடைந்த ஆலைத் தண்டு ஒன்றைக் கொண்டுசெல்வதில் நேர்ந்த தாமதத்தையொட்டி எழுந்த ஹாட்லி வழக்கில், ஒப்பந்தம் செய்தபோது இரு தரப்பாரும் எண்ணிப் பார்த்திருக்கக்கூடிய நஷ்டத்துக்கே ஈடு என்று சொன்னார்கள். நம் நாட்டு 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவும் அந்த வழியில் வந்ததே. மாவரைக்கும் ஆலைக்குச் சொன்ன நியாயம் காடிலாக் காருக்கு வந்து சேர ஏறக்குறைய 130 வருஷம் ஆயிற்று.

அதன் பிறகு ஒப்பந்தம் எழுதுகிறவர்கள் விழித்துக்கொண்டார்கள். இதர அனுபோகங்கள் என்று வாலைத் தொங்கவிடும் வழக்கம் குறைந்து, ஒவ்வொரு சீட்டும் ஒவ்வொரு காரும் தனித்தனிப் பிரிவாக எழுதப்பட்டு, ஒப்பந்தம் புஸ்தகமாகப் பருத்தது. அதில் மிகவும் கவனத்தோடு எழுதப்படும் அத்தியாயம் பிரிவைப் பற்றியது. தாலி கட்டுமுன்னே ஜீவனாம்சம் பேசி முடிப்பது போல. எஞ்சிய காலத்தை விலை கொடுத்து வாங்கி ஒப்பந்தத்தைத் தீர்த்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் பைஅவுட். சம்பலம் என்ற வடசொல்லுக்குப் பயணத்துக்கு எடுத்துச் செல்லும் கட்டுச்சோறு என்று பொருள். போகிற வழிக்குக் கட்டிக் கொடுக்கும் பைஅவுட்டுக்கு அந்தச் சொல் நன்றாகவே பொருந்தும்.

வழிச்சோறு இரு பக்கமும் உண்டு. 1994-இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் ஜெரி டினார்டோ ஒப்பந்தம் முடியுமுன்னே லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட, எஞ்சிய காலச் சம்பளத்தைத் திருப்பிக் கொடு என்று வாண்டர்பில்ட் வழக்காடிற்று; கீழ்க்கோர்ட்டில் 2,81,886 டாலர் தீர்ப்பாயிற்று. 1999-இல் மேல்கோர்ட்டு, அவ்வாறு முன்கூட்டி நிர்ணயித்த தொகை தண்டனை அன்று, நியாயமான ஈடே என்று ஒப்புக்கொண்டது. ஆனால் ஒப்பந்தத்தை இரண்டு வருஷம் நீட்டிய இணைப்புப் பத்திரம் செல்லுமா என்ற கேள்வியை மட்டும் விசாரணைக்குத் திருப்பி அனுப்பியது. பயிற்சியாளர் போய்விட்டால் பல்கலைக்கழகத்துக்கு நேரும் நஷ்டம் புதியவரைத் தேடும் செலவோடு நிற்பதில்லை, சீட்டு விற்பனையும் பழைய மாணவர் ஆதரவும் ஆட்டங்காணும் என்பது அந்தத் தீர்ப்பின் கருத்து.

தொகைகள் பிறகு மலைபோல் வளர்ந்தன. 2023 நவம்பரில் டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் ஜிம்போ பிஷரை நீக்கியபோது, அவருக்குச் சேர வேண்டியது 7 கோடியே 60 லட்சம் டாலருக்கும் மேல். நான்கில் ஒரு பங்கு இரண்டு மாதத்துக்குள்ளும், மிச்சம் 2031 வரை ஆண்டுதோறும். வேறு வேலை தேடி நஷ்டத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டிய கடமைகூட அந்த ஒப்பந்தத்தில் அவருக்கு இல்லை. எல்லாம் தெளிவாக எழுதியிருந்தபடியால் அங்கே வழக்குக்கு இடம் இல்லை, வயிற்றெரிச்சல் மட்டுமே.

தெளிவாக எழுதியும் சண்டை வந்த இடம் கான்ஸாஸ், அதாவது பெப்பர் ராஜர்ஸ் முன்னொரு காலத்தில் பயிற்சியாளராக இருந்த அதே பல்கலைக்கழகம். நான்கு பருவங்களில் 6 வெற்றியும் 42 தோல்வியும் கண்ட டேவிட் பீட்டி என்பவரை, 2018 நவம்பரில், குற்றம் ஏதும் சாட்டாமல் நீக்குவதாக அறிவித்தார்கள். 30 லட்சம் டாலர், ஆறு தவணைகளில். அவரும் மிச்சமிருந்த பந்தயங்களை நடத்திக் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு, விலகிச் செல்லும் உதவியாளர்களிடம் வழக்கம்போல் விசாரித்தபோது, தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் விதிகளை மீறிப் பயிற்சிக்குத் தகுதியில்லாத ஊழியர் ஒருவர் பயிற்சி கொடுத்தார் என்ற செய்தி கிடைத்ததாகச் சொல்லி, பல்கலைக்கழகம் பணத்தை நிறுத்தி வைத்தது. குற்றம் நிரூபணமானால் நீக்கம் காரணத்தோடு கூடியதாகிவிடும். காரணத்தோடு நீக்கினால் கட்டுச்சோறு கிடையாது. காரணமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டுப் பிறகு காரணம் தேடுவது, இலை போட்டு உட்கார்த்தி வைத்தபின் இலையை இழுப்பதாகும் என்று பீட்டி 2019 மார்ச்சில் வழக்குத் தொடுத்தார். அவர் பக்கமே என் அனுதாபம். தோற்றவர் ஆயினும் பேச்சு பேச்சுதானே. 2020 ஜூனில் இரு தரப்பாரும் 25 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குச் சமாதானமானார்கள்.

அந்தப் பணத்தை நிறுத்தி வைத்தபோது கான்ஸாஸின் விளையாட்டு இயக்குநராக இருந்தவர் ஜெப் லாங். 2017-இல் ஆர்க்கன்ஸா பல்கலைக்கழகம் அவரை நீக்கியபோது, பைஅவுட் பேசிக்கொண்டு வெளியே வந்தவர். பீட்டியின் இடத்தில் அவர் அமர்த்திய லெஸ் மைல்ஸ், முந்தைய பதவிக் காலத்து நடத்தை பற்றிய செய்திகள் வெளியானதையொட்டி, 2021 மார்ச்சில் ஏறக்குறைய 20 லட்சம் டாலரோடு விலகினார். இரண்டு நாள் கழித்து ஜெப் லாங்கும் விலகினார். அவருக்குப் பேசி முடித்த தொகை 13 லட்சத்து 75 ஆயிரம் டாலர்.