திறந்த மூலப் பணிசெயல் முறைமைக்கு மாறுதல்: அக்குறணையும் கண்டிச் சூழலும்

திறந்த மூலப் பணிசெயல் முறைமை என்பது, தன் மூலநிரலை எவரும் பார்க்கவும் திருத்தவும் பிரதியெடுத்துப் பகிரவும் உரிமம் தரும் கணினி அடிப்படை மென்பொருள். ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1983இல் அறிவித்த க்னூ திட்டமும் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் கேர்னலும் சேர்ந்து உருவானதே இன்று உபுண்டு, லினக்ஸ் மின்ட், ஃபெடோரா எனப் பல பெயர்களில் கிடைக்கிறது. கண்டியிலிருந்து ஏ9 வீதியில் வடக்கே சுமார் 10 கிலோமீட்டரில், கட்டுகஸ்தோட்டைக்கும் மாத்தளைக்கும் நடுவே இருக்கும் அக்குறணை வியாபாரிகளின் ஊர். தமிழ் பேசும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். இத்தகைய ஊரின் வீட்டுக் கணினிக்கும் படிப்புக்கும் கடைக் கணக்குக்கும் பெரும்பாலான கேம்களுக்கும் லினக்ஸ் இப்போது போதுமானது. இத்தனை காலமும் அதை ஒதுக்கி வைத்ததில் தொழில்நுட்பக் குறைக்கும் பங்குண்டு. ஆனால் பெரிய பங்கு, திருட்டுப் பிரதி வின்டோஸ் இலவசம் போலத் தோன்றியதற்கே.

லினக்ஸைப் பரப்பும் முயற்சி கண்டிக்குப் புதிதல்ல. பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு மேலே எழும் ஹந்தானை மலையின் பெயரிலேயே ஒரு லினக்ஸ் இருந்தது. தனிஷ்க நவின் 2009இல் தொடங்கிய ஹந்தானை லினக்ஸ், ஃபெடோராவை அடிப்படையாக வைத்து இலங்கைப் பாவனையாளருக்காகத் தொகுக்கப்பட்டது. பாட்டும் படமும் இயங்கத் தேவையான கோடெக்குகள், அலுவலக மென்பொருள், கல்விச் செயலிகள் எல்லாம் ஒரே டீவீடியில் அடங்கியிருந்தன. வேகமான இன்டர்நெட் அரிதாயிருந்த நாட்டில் அது சரியான கணிப்பு. அதற்கு முன்பே லங்கா லினக்ஸ் பாவனையாளர் குழு சிங்கள யூனிகோட் எழுத்துருவை ஆக்கித் தந்திருந்தது. 2003இல் அமைந்த லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷனின் ஆதரவில், 2004 சுனாமிக்குப் பின் உருவான சஹானா அனர்த்த முகாமைத்துவ மென்பொருள் உலகம் எங்கும் பயன்பட்டது. திறந்த மூல மென்பொருளை உலகுக்கு எழுதிக் கொடுக்கும் திறமை இந்நாட்டில் இருந்தது, அதை வீட்டு மேசைக்குக் கொண்டுவரும் தேவைதான் உணரப்படவில்லை. ஃபெடோராவின் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஆதரவு ஏறக்குறைய 13 மாதங்களே என்பதும் வீடுகளுக்குப் பொருந்தவில்லை. ஹந்தானை இன்று புதிதாக நிறுவத் தக்க தெரிவன்று. ஐந்து ஆண்டு ஆதரவு தரும் உபுண்டுவின் நீண்டகால வெளியீடோ, அதன்மேல் கட்டிய லினக்ஸ் மின்டோ பாதுகாப்பானது.

தேவை ஏன் உணரப்படவில்லை? மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான பீ.எஸ்.ஏ. 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, முந்தைய ஆண்டு இலங்கைக் கணினிகளில் இருந்த மென்பொருளில் 77 சதவீதம் உரிமம் இல்லாதது. அது விற்பவர்களின் கணக்கு என்று கொஞ்சம் கழித்துப் பார்த்தாலும் நிலைமை விளங்கும். உரிமமில்லாத பிரதியை நிறுவுவது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்துக்கு முரணானது. அக்குறணையைப் போன்ற ஊருக்குச் சட்டத்தை விட நெருக்கமான இன்னொரு கேள்வியும் உண்டு. 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, ஆக்கவுரிமையும் கண்டுபிடிப்புரிமையும் பொருள்மதிப்புள்ள உரிமைகள், அவற்றை மீறுவது கூடாது என்று தீர்மானித்தது. கொடுக்கல் வாங்கலில் ஹலாலைத் தேடிப் பார்க்கும் வியாபாரி, கடையின் கணக்கு எதில் ஓடுகிறது என்றும் பார்ப்பது நியாயமே. இதோடு 2025 ஒக்டோபர் 14 அன்று வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்தது. வின்டோஸ் 11 கேட்கும் டீ.பீ.எம். 2.0 பாதுகாப்புச் சிப், இன்டெல் எட்டாம் தலைமுறைச் செயலி ஆகியன, அலுவலகங்களில் கழிக்கப்பட்டுக் கடைகளுக்கு வரும் நான்காம் முதல் ஏழாம் தலைமுறைக் கணினிகளுக்கு எட்டாதவை. 2022 பொருளாதார நெருக்கடியில் ரூபா வீழ்ந்த பிறகு, நன்றாக ஓடும் இயந்திரத்தை வீசிவிட்டுப் புதிது வாங்கச் சொல்வது ஒரு குடும்பத்தின் மேல் சுமத்தும் பெரிய செலவு.

‘லினக்ஸில் கேம் ஓடாது’ என்பதே இளைஞர்களின் முதல் மறுப்பு. ஹந்தானை வந்த காலத்தில் அது பெரும்பாலும் உண்மை. 2013 பெப்ரவரியில்தான் வால்வ் நிறுவனம் ஸ்டீம் கடையை லினக்ஸுக்கு முறையாகத் திறந்தது. அப்போதும் கேம்கள் சொற்பம். நிலைமையை மாற்றியது, வின்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டுவதற்காக வால்வ் 2018 ஓகஸ்ட்டில் வெளியிட்ட புரோட்டோன். 1993 முதல் வளர்ந்துவந்த வைன் மென்பொருளே அதன் அடித்தளம். வின்டோஸுக்கென எழுதிய கேம், டைரக்ட்3டி மூலம் படம் வரையக் கேட்கும்போது, புரோட்டோனில் அடங்கிய டீ.எக்ஸ்.வீ.கே. அந்தக் கோரிக்கையை வல்கன் மொழிக்கு மாற்றி கிராஃபிக்ஸ் அட்டைக்குக் கொடுக்கிறது. வின்டோஸ் முழுவதையும் போலியாக இயக்கத் தேவையில்லாததால் வேகம் அதிகம் குறைவதில்லை, சில கேம்கள் வின்டோஸை விடவும் சீராக ஓடுகின்றன. 2022 பெப்ரவரியில் விற்பனைக்கு வந்த ஸ்டீம் டெக் என்னும் கையடக்கக் கருவி லினக்ஸிலேயே இயங்குவதால், கேம் நிறுவனங்களும் இதைக் கவனிக்க வேண்டியதாயிற்று. டோட்டா 2, கவுண்டர் ஸ்ட்ரைக் 2 ஆகியன லினக்ஸுக்கென்றே வெளிவருகின்றன.

ஆனால் இந்த வாதத்துக்கு இரண்டு எல்லைகள் உண்டு, அவற்றை மறைப்பது மாற விரும்புவோருக்குச் செய்யும் அநீதி. முதலாவது வன்பொருள். இன்றைய டீ.எக்ஸ்.வீ.கே.க்கு வல்கன் 1.3 வேண்டும். இன்டெல் ஆறாம் தலைமுறை முதல் உள்ளமைந்த கிராஃபிக்ஸுக்கு அது உண்டு. மலிவாகக் கிடைக்கும் நான்காம் தலைமுறைக்கு இல்லை. என்விடியாவின் பழைய கெப்லர் அட்டைகளும் இந்த வேலிக்கு வெளியே நிற்கின்றன. அத்தகைய கணினியில் பழைய கேம்களை வைனின் ஓப்பன்ஜீ.எல். வழியில் ஓட்டலாம், புதியவற்றை எதிர்பார்க்கக் கூடாது. கையில் கொஞ்சம் பணமிருந்தால் ஏ.எம்.டி. ஆர்.எக்ஸ். 500 வரிசை அட்டை நல்ல தெரிவு. அதன் டிரைவர் கேர்னலுக்குள்ளேயே வருகிறது. இரண்டாவது எல்லை, ஏமாற்று ஆட்டத்தைப் பிடிக்கும் காவல் மென்பொருள். வெலோரன்ட், ஃபோர்ட்நைட், பப்ஜியின் கணினிப் பதிப்பு ஆகியன லினக்ஸில் ஓடா. ஓடிக்கொண்டிருந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் கூட 2024 ஒக்டோபர் இறுதியில் தடுக்கப்பட்டது. இது லினக்ஸின் இயலாமை அன்று: ஈசி ஆன்டி-சீட், பெட்டில்ஐ என்னும் காவல் மென்பொருள்கள் இரண்டும் 2021 முதலே புரோட்டோனுக்கு இடம் தருகின்றன, அனுமதிப்பதா இல்லையா என்பது ஒவ்வொரு நிறுவனத்தின் முடிவு. ஆயினும் தினமும் வெலோரன்ட் ஆடுபவருக்கு இந்த விளக்கத்தால் பயன் ஏதும் இல்லை. அவருக்கு வின்டோஸ் வேண்டும்.

அடுத்த மறுப்பு தமிழ் பற்றியது. இலங்கையில் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்த தமிழ் ஆவணங்கள் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. பாமினி ஒரு எழுத்துருக் கோப்புதான். அதை லினக்ஸில் நிறுவினால் லிப்ரே ஒபிஸில் அந்த ஆவணங்கள் திறக்கும். பழகிய கைக்கு ரெங்கநாதன் விசைப்பலகையும் எம்17என் என்னும் தட்டச்சு முறைத் தொகுப்பில் இருக்கிறது. தமிழ்99 விரும்புவோருக்கு அதுவும் உண்டு. ஆனால் கல்யாணப் பத்திரிகையும் பதாகையும் அடிக்கும் அச்சகத்தின் நிலை வேறு. கோரல்டிராவும் ஃபோட்டோஷொப்பும் லினக்ஸுக்கு வெளிவருவதில்லை. இங்க்ஸ்கேப்பும் கிம்பும் திறமையானவை என்றாலும், வாடிக்கையாளர் கொண்டுவரும் கோரல் கோப்பை அப்படியே திறந்து திருத்த உதவா. அச்சகங்கள் இப்போதைக்கு மாறக் கூடாது என்பதே நேர்மையான ஆலோசனை.

ஜெர்மனியின் மியூனிக் மாநகரசபை லினக்ஸுக்கு மாறி, 2017இல் வின்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்ததைச் சிலர் சுட்டுவர். ஆயிரக்கணக்கான அலுவலகக் கணினிகளும் அரசியல் மாற்றமும் சேர்ந்த அந்தக் கதையை ஒரு வீட்டோடு ஒப்பிட முடியாது. நமக்கு நெருங்கிய சான்று கேரளம். அங்கே அரசுப் பள்ளிகள் ஐ.டி.@ஸ்கூல் என்ற பெயரில் தொடங்கிய திட்டத்தின் வழியில் நீண்டகாலமாக லினக்ஸிலேயே பாடம் நடத்துகின்றன. சாதாரண ஆசிரியர்களைப் பயிற்றுவித்ததே அத்திட்டத்தின் பலம்; உதவி கேட்க அருகில் ஆள் இருந்தார்கள். கண்டிச் சூழலில் உண்மையான இடைவெளி இங்கேதான். கணினி திருத்தும் கடைக்காரர் லினக்ஸ் நிறுவிக் கொடுத்து அதற்குக் கூலி வாங்கத் தொடங்கினால், மாற விரும்பும் குடும்பம் தனித்துத் தடுமாற வேண்டியதில்லை. உரிமம் இலவசமானாலும் உழைப்புக்கு விலை உண்டு, அதைக் கேட்டு வாங்குவதில் தவறில்லை.

மாறுவோர் ஒரேயடியாக வின்டோஸை அழிக்க வேண்டியதில்லை. லினக்ஸ் மின்டைப் பென் டிரைவில் எழுதி, எதையும் நிறுவாமலே வைஃபை, சத்தம், பிரின்டர் வேலை செய்கின்றனவா என்று பார்க்கலாம். திருப்தியானால் வட்டைப் பிரித்து இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். பிரிக்கும் முன் படங்களையும் ஆவணங்களையும் வேறொரு வட்டில் பிரதியெடுக்க வேண்டும். வின்டோஸில் வட்டைப் பூட்டும் பிட்லொக்கர் இயங்கினால் அதன் மீட்புக் குறியீட்டையும் எழுதி வைக்க வேண்டும். அது இல்லாமல் பூட்டிக்கொண்ட வட்டை எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது.