மாமல்லன் வகுத்த படிகள்

காஞ்சியிலிருந்து ஆண்ட பல்லவ வேந்தருள் முதலாம் நரசிம்மவர்மனுக்கு 'மாமல்லன்' என்னும் விருதுப்பெயர் வழங்கிற்று. பெரும் மற்போர் வீரன் என்பது அதன் பொருள். மாமல்லபுரம் அப்பெயரை இன்றளவும் தாங்கி நிற்கிறது. வலிமையையே பெயராகச் சூடிய அவ்வேந்தன் தன் இலக்கை எவ்வாறு அடைந்தான் என்பது உடல் வலிமை தேடுவோருக்கும் பாடமாகும்.

அவன் தந்தை மகேந்திரவர்மனின் காலத்தில் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி காஞ்சியின் மதில்வரை நெருங்கினான். மகன் உடனே வாதாபிக்குப் பாய்ந்துவிடவில்லை. பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய களங்களில் அவன் புலிகேசியை முறியடித்ததைக் கூரம் செப்பேடு கூறுகிறது. மணிமங்கலம் தொண்டை மண்டலத்தின் உள்ளேயே இருக்கிறது. முதலில் சொந்த மண்ணைக் காத்தான். பிறகே, 642ஆம் ஆண்டளவில், வாதாபி அவன் வசமாயிற்று. வாதாபி முடிவான இலக்கு. மணிமங்கலம் அதற்குரிய படி.

படை நடத்துவதற்குரிய இந்நெறி, உடலைப் பழக்குவதற்கும் உரியதே. அரபு நாட்டு வரலாற்றில் இதற்குத் தெளிவான சான்றுண்டு. மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியதை இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள்; அவர்களும் அதில் குதிரையோட்டியவர்களே. பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதாஉ வரை எல்லை வகுக்கப்பட்டது. அது ஐந்து அல்லது ஆறு மைல். பயிற்சி பெறாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை. அது ஒரே மைல். 'இள்மார்' என்னும் அப்பயிற்சியில் குதிரைக்கு முதலில் நிறையத் தீனி கொடுத்துக் கொழுக்க வைப்பர். பின்னர் தீனியைக் குறைத்து, போர்வை போர்த்தி வியர்க்கச் செய்து, தசையை இறுக்குவர். பழகாத குதிரையை ஆறு மைல் ஓட்டுவது வீரமன்று, கொடுமை. ஓடுவதற்குரிய தூரத்தை, ஓடும் உயிரின் அன்றைய நிலையே முடிவு செய்தது.

இந்த அளவறிதலையே மருத்துவம் பின்னாளில் எண்களில் வகுத்தது. இரண்டாம் உலகப்போரில் காயமுற்ற வீரர்களுக்குச் சிகிச்சையளித்த அமெரிக்க மருத்துவர் தாமஸ் டிலோர்ம், 1945இல் தம் முறையை வெளியிட்டார். ஒருவரால் பத்து முறை மட்டுமே தூக்க இயலும் எடையைக் கண்டறிந்து, அதையே அடிப்படையாக வைத்தார். பின்னர் முறை எளிமையாக்கப்பட்டபோது, அவ்வெடையில் பாதி, முக்கால், முழுமை என மூன்று சுற்றுகள் அமைந்தன. தசை வலுப்பெறப் பெற எடை கூடும்.

காஞ்சிக்கு அண்டையிலுள்ள வேலூரில் பிறந்த சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 149, 179 என மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018இல் கோல்ட் கோஸ்டில், தொடைக் காயத்தின் வேதனையோடு வந்தவர் 144, 173 என 317 கிலோவே தூக்கினார். முந்தையதைவிடப் பதினொரு கிலோ குறைவு. எனினும் தங்கம் அவருக்கே. பழைய பெருமையை எட்டியே தீருவேன் என்று அவர் உடலை வதைத்திருந்தால் என்னவாகியிருக்கும்?

இன்று உடற்பயிற்சிக் கூடம் புகும் இளைஞர் பலர், படத்தில் கண்ட வேறொருவர் புயத்தையே இலக்காகக் கொள்கின்றனர். முதல் வாரத்திலேயே மிகுந்த பாரத்தைத் தூக்கி, இடுப்பையும் தோளையும் கெடுத்துக்கொண்டு ஒரு மாதத்தில் விலகுவோரும் உளர். விரலுக்குத் தக்க வீக்கம் என்பது தமிழர் வழக்கு. இன்று எத்தனை தண்டால் இயலும், எத்தனை கிலோ இயலும் என்று முதலில் எழுதிக்கொள்ளட்டும். அதைவிடச் சிறிதே கூடிய ஓர் எண்ணையும், அதை எட்டுவதற்குரிய நாளையும் குறிக்கட்டும். ஓய்வு நாளையும் கணக்கில் சேர்க்கட்டும். வாரத்தில் இரு நாளேனும் தசைகளை வலுவாக்கும் பயிற்சி வேண்டும் என்றே உலக சுகாதார நிறுவனமும் பெரியவர்களுக்கு அறிவுறுத்துகிறது. நாள்தோறும் வதைத்துக்கொள்ளச் சொல்லவில்லை.

காஞ்சித் தறியில் ஒரே நாளில் சேலை முடிவதில்லை. அன்றன்றைய முழத்தைப் பழுதின்றி நெய்பவருக்கே முந்தானை வந்து சேரும். உடலும் ஒரு தறியே.